கட்டிப் புரளும் விளையாட்டுகளில் தோல் தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, சாம்போ. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான், உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவது. பல வருடம் மேட் (பயிற்சி மெத்தை) மீது புரண்டிருக்கிறேன், இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். முழங்கால் வலியையும் தோள்பட்டை வலியையும் எல்லார் முன்னாலும் சொல்பவர்கள், தோலில் வந்த ஒரு வட்டத்தைப் பற்றிக் கேட்க மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. மருந்துகளைப் பற்றி இங்கே எழுதியிருப்பது, மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதற்காக. அவர் நேரில் பார்த்து எழுதிக்கொடுப்பதுதான் மருந்து.

மற்ற விளையாட்டுகளில் இல்லாத அளவுக்கு இங்கே ஏன் தோல் நோய் வருகிறது?

ஒரு பிடியை நெருங்கிப் பாருங்கள். இருவர் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்கிறார்கள். ஒருவர் கன்னம் மற்றவர் கழுத்தில் அழுந்துகிறது. முன்கை பிடரியில் சுற்றி இழுக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் தோலின் மேல்படலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரிகிறது. வியர்வையில் ஊறிய தோல் ஏற்கனவே இளகிப்போயிருக்கும். கிருமி உள்ளே போக இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு மணி நேரத்தில் இப்படி ஐந்தாறு பேரோடு மாறி மாறிப் புரள்கிறோம். அவர்களில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

தொற்று மேட்டிலிருந்து வருகிறதா, ஆளிடமிருந்து வருகிறதா?

பெரும்பாலும் ஆளிடமிருந்து. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் மேட்டை இரண்டு முறை துடைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைக்கும் பயிற்சிக்கூடங்கள் நிறைய.

நீர்க்கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் வைரஸ் ஏறக்குறைய முழுக்கத் தோலிலிருந்து தோலுக்குத்தான் தாவுகிறது. படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சீழ்க்கட்டி வரவைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா துண்டு, முழங்கால் பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே மேட்டையும் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மேட்டின் மேல் ஏறும் தோலை.

தோலில் ஏதோ வந்திருக்கிறது. எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூறு சதவீதம் உறுதி கண்ணால் மட்டும் கிடைக்காது. மருத்துவர்களே ஏமாறுவதுண்டு. இருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு.

படர்தாமரை வட்டமாக வரும். விளிம்பு சிவந்து, லேசாக மேடிட்டு, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து வரும். அரிக்கும். ஆனால் இந்த விளையாட்டில் தோல் தினமும் தேய்படுவதால், முதல் சில நாட்களில் வட்டமே தெரியாமல் வெறும் சிவப்புத் திட்டாக இருக்கலாம். கருத்த தோலில் சிவப்பு எடுபடாது. பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோதான் தெரியும். அப்போது நிறத்தை நம்பாமல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டும்.

ஹெர்பீஸ் கொத்தாக வரும். சிவந்த இடத்தில் கடுகு அளவில் நீர்க்கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பும். அரிப்பைவிட எரிச்சலும் குத்தலும் அதிகம். முதல் தடவை வரும்போது காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது எல்லாம் சேர்ந்து வரலாம்.

இம்பெட்டிகோ என்கிற பாக்டீரியாத் தொற்றில் புண் கசிந்து, தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்குத் தட்டும். முகத்தில், மூக்கையும் வாயையும் சுற்றி அடிக்கடி வரும்.

சீழ்க்கட்டி என்றால் சிவந்து, சூடாகி, தொட்டால் உயிர் போகிற வலி. ஒரே நாளில் பெரிதாகிவிடும். "சிலந்தி கடித்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது இதுதான்.

முத்து போலப் பளபளவென்று, நடுவில் சின்னக் குழியோடு வலியே இல்லாத பொடிப்பொடி மேடுகள் என்றால் மொல்லஸ்கம். அதுவும் வைரஸ், அதுவும் தொற்றும், ஆனால் ஆபத்தில்லை. மருத்துவர் சுரண்டியோ உறையவைத்தோ எடுத்துவிடுவார்.

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று ராத்திரியில் அரித்துத் தூக்கத்தைக் கெடுத்தால் சொறிசிரங்கு. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

எனக்கு வந்தது மேட்டில் உரசின காயம் போலத்தான் இருக்கிறது. அதற்குப் போய் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்கையின் உள்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு திட்டு. பிடி போடும்போது சட்டைக் காலர் உரசும் இடம் அது, உரசல்தான் என்று முடிவுகட்டினேன். மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். அரித்தது, இருந்தாலும் போனேன். பிளாஸ்டருக்குள் வியர்வை தேங்கித் திட்டு இரண்டு மடங்கானது. அந்தப் பத்து நாளில் என்னோடு அதிகம் புரண்ட நண்பருக்குக் கழுத்தில் அதே வட்டம் வந்தது. அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் வந்தது. குழந்தையின் கன்னத்தில் அந்த வட்டத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உரசல் காயம் முதல் நாளே மோசமாக இருக்கும், அப்புறம் நாளுக்கு நாள் ஆறிவரும். தொற்று நேர்மாறாக நடந்துகொள்ளும், மூன்றாம் நாள் முதல் நாளைவிடப் பெரிதாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பேனாவால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், கூடவே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு நாளில் திட்டு கோட்டைத் தாண்டியிருந்தால் அது உரசல் இல்லை. அந்த இரண்டு நாளும் மேட்டில் ஏறாதீர்கள்.

படர்தாமரைக்கு என்ன மருந்து? எத்தனை நாள்?

மல்யுத்த வீரர்களிடம் அதிகம் காணப்படும் பூஞ்சை டிரைக்கோஃபைட்டான் டான்சுரன்ஸ். ஒன்றிரண்டு திட்டுகள்தான் என்றால் டெர்பினாஃபின் அல்லது குளோட்ரிமசோல் கிரீம் போதும். கிரீமைத் திட்டின் மேல் மட்டும் வைக்காமல், விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். அரிப்பு நாலைந்து நாளில் அடங்கிவிடும். அங்கேதான் பாதிப்பேர் நிறுத்துகிறார்கள், மாதக் கடைசியில் திரும்ப வருகிறார்கள். தோல் பழையபடி ஆன பிறகும் குறைந்தது ஒரு வாரம் தடவுங்கள்.

உடம்பில் பல இடங்களில் வந்திருந்தாலோ, கிரீமுக்கு மசியவில்லை என்றாலோ மாத்திரை தேவைப்படும். தலையில் வந்தால் கட்டாயம் மாத்திரைதான். பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கிவிடும், கிரீம் அங்கே எட்டாது. தலையில் வந்தால் வட்டம் தெரியாமலும் போகலாம். பொடுகு மாதிரி செதில், முடி ஒடிந்து கரும்புள்ளிகள், அவ்வளவுதான் தெரியும். புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கும் சோதனையில் இந்தப் பூஞ்சை ஒளிராது. ஆகவே விளக்கில் தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடக் கூடாது. விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது எளிமையான சோதனை. கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது. ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் படர்தாமரை மேல் போடாதீர்கள். ஒரே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், மருந்து பிரமாதம் என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். விளிம்பு கலைந்து, உருவமே மாறிப்போய், அப்புறம் பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் ஆகிவிடும். ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர்கள் பூஞ்சை மருந்தோடு சேர்ந்திருந்தால் அதை வைத்துவிடுங்கள். 2020-ல் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற வகை டெர்பினாஃபினுக்கே பல நேரம் அசைவதில்லை. மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் அதே கிரீமை இன்னொரு மாதம் இழுக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வினிகர், பூண்டு, நகப்பூச்சு, ப்ளீச் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

வேண்டாம். நகப்பூச்சு பூஞ்சையை மூச்சுமுட்டச் செய்யாது. பச்சைப் பூண்டும் ப்ளீச்சும் தோலை வெந்துபோக வைக்கும், வெந்த தோலில் பாக்டீரியா ஏறும். போட்டிக்கு முந்தின ராத்திரி உப்புத்தாளால் தேய்த்து வட்டத்தை மறைக்கப் பார்த்தவர்களும் உண்டு. சுரண்டின இடத்திலிருந்து தொற்று இன்னும் சுலபமாகப் பரவும்.

ஹெர்பீஸ் என்றாலே பயமாக இருக்கிறது. அது பாலியல் நோய்தானே?

இங்கே வருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸின் முதல் வகை, அதாவது உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் அதே வைரஸ். உலகத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உடம்பில் அது இருக்கிறது, பலருக்குச் சின்ன வயதிலேயே வந்தது. மல்யுத்த வீரர்களுக்குக் கன்னம், காது, கழுத்து, முன்கை என்று வரும்போது அதற்குக் கிளாடியேட்டர் ஹெர்பீஸ் என்று பெயர். 1960-களிலிருந்தே இது மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. ரக்பி ஆட்டக்காரர்களுக்கும் வரும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லாததால்தான் பையன்கள் மறைக்கிறார்கள்.

எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு ஒரு உதாரணம். 1989 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளி மாணவர்களுக்கான மல்யுத்தப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் வந்தது, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு. பெரும்பாலோருக்குத் தலையிலும் முகத்திலும்தான். நெற்றி முட்டிப் பிடி போடும்போது எது எதில் தேய்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். அதே மாநிலத்தில் 2007 ஜனவரியில் மறுபடி பரவியபோது பள்ளி மல்யுத்தத்தையே 8 நாள் நிறுத்திவைத்தார்கள்.

ஒருவரோடு புரண்டு ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் கொப்புளம் தெரியும். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முதல் ஓரிரு நாளுக்குள் தொடங்கினால் நல்லது. மேலே பூசும் களிம்பு மட்டும் போதாது. இதை ஷேவிங் கொப்புளம், இம்பெட்டிகோ என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. "நான் மல்யுத்தம் செய்கிறேன், ஹெர்பீஸா என்று புதுக் கொப்புளத்திலிருந்து எடுத்துச் சோதிக்க முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் எண்ணத்தைச் சரியான பக்கம் திருப்பிவிடும்.

கண் இமையிலோ கண்ணருகிலோ கொப்புளம் வந்தாலும், கண் சிவந்து வெளிச்சம் பட்டால் கூசினாலும், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழியில் இறங்கினால் பார்வையே பாதிக்கப்படும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுக்கொள்வது இந்த நேரத்தில் பெரிய ஆபத்து.

எனக்கு ஒருமுறை ஹெர்பீஸ் வந்துவிட்டது. இனி விளையாட்டை விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லவே இல்லை. வைரஸ் நரம்பு முடிச்சில் போய்த் தூங்கும், உடம்பு களைத்தால் எழும்பும் என்பது உண்மைதான். எடை குறைக்கப் பட்டினி கிடப்பது, தூக்கமின்மை, கடும் வெயில், காய்ச்சல் எல்லாம் அதை எழுப்பும். மறுபடி வருவதற்கு முன் அதே இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ தெரியும். அந்தக் குறுகுறுப்புதான் உங்களுக்கு மணி. கொப்புளத்துக்காகக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள், மேட்டை விட்டு இறங்குங்கள். அடிக்கடி வருபவர்களுக்குப் போட்டிப் பருவம் முழுக்கத் தினமும் ஒரு மாத்திரை என்று மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. அப்படி எடுத்துக்கொண்டு பல வருடம் விளையாடுபவர்கள் இருக்கிறார்கள்.

சீழ்க்கட்டியைப் பிதுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?

பிதுக்காதீர்கள். சீழ் வெளியே வருவது போலவே உள்ளேயும் இறங்கும். முகத்தில், அதுவும் மூக்கைச் சுற்றி இருந்தால் இன்னும் மோசம்.

சுமார் பத்தில் மூன்று பேர் மூக்கிலாவது ஸ்டாஃபிலோகாக்கஸ் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கிறது. தோலில் கீறல் கிடைத்தால் கட்டியாக மாறுகிறது. இதில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகை, வழக்கமான பென்சிலின் குடும்ப மருந்துகளுக்கு அடங்காது. சீழ் கட்டியிருந்தால் மருத்துவர் சுத்தமாகக் கீறி வடியவிடுவதே முதல் வைத்தியம், மாத்திரை அதற்கு அடுத்ததுதான். சீழைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்கிக்கொள்வது கிருமிக்குத்தான் பயிற்சி.

இம்பெட்டிகோ சிறிதாக இருந்தால் முபிரோசின் களிம்பு போதும், பரவியிருந்தால் மாத்திரை.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிவப்பு மணிக்கணக்கில் பரவினால். கட்டியிலிருந்து உடம்புப் பக்கமாகச் சிவப்புக் கோடு ஏறினால். காய்ச்சலும் நடுக்கமும் வந்தால். பார்க்கிற காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி இருந்தால். மூட்டின் மேல் வீங்கி மடக்க முடியாமல் போனால். கண்ணைச் சுற்றி வீங்கினால். இவற்றில் எதற்கும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" கிடையாது.

எத்தனை நாள் மேட்டில் ஏறக் கூடாது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. மல்யுத்தத்துக்கு வைத்திருக்கும் அளவுகள் மற்றவர்களுக்கும் நல்ல வழிகாட்டி. தோலில் படர்தாமரை என்றால் குறைந்தது 72 மணி நேரம் கிரீம் போட்டிருக்க வேண்டும். தலையில் என்றால் 14 நாள் மாத்திரை. பாக்டீரியாத் தொற்று என்றால் 72 மணி நேரம் ஆன்டிபயாடிக், கடைசி 48 மணி நேரத்தில் புதுப் புண் வந்திருக்கக் கூடாது, ஈரமோ கசிவோ இருக்கக் கூடாது. முதல்முறை ஹெர்பீஸ் என்றால் 120 மணி நேரம் மாத்திரை, கடைசி 72 மணி நேரத்தில் புதுக் கொப்புளம் இல்லை, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், காய்ச்சல் இருக்கக் கூடாது.

இவை குறைந்தபட்ச அளவுகள். பயிற்சி மட்டும்தான், போட்டி இல்லை என்றால் நான் இன்னும் சில நாள் கூடவே இருக்கச் சொல்வேன். அந்த நாட்களில் ஓடலாம், தனியாக எடை தூக்கலாம், ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஒட்டி மூடிக்கொண்டு விளையாடலாமா?

மருந்து போட்டு, மேலே சொன்ன நாள் கடந்து, ஆறிவரும் படர்தாமரையை மூடிக்கொண்டு விளையாடலாம். கசியும் புண்ணையோ ஹெர்பீஸ் கொப்புளத்தையோ மூடினாலும் விளையாடக் கூடாது. எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும் பத்து நிமிடப் புரளலில் வியர்வையில் நனைந்து சுருண்டுவிடும். அது கழன்று மேட் ஓரத்தில் கிடப்பதை எத்தனையோ தடவை குனிந்து பொறுக்கியிருக்கிறேன்.

பயிற்சி முடிந்து எவ்வளவு நேரத்துக்குள் குளிக்க வேண்டும்? எந்த சோப்பு?

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு. அங்கேயே குளிக்க வசதி இருந்தால் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் நனைந்த உடையை உடனே மாற்றி, முகம், கழுத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய் முழுக்கக் குளியுங்கள். சாதாரண சோப்பே போதும். நுரையை ஒரு நிமிடமாவது தேய்த்து, காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, கால் விரலிடுக்கு எல்லாவற்றுக்கும் போகவிடுவதுதான் முக்கியம். உடம்பு தேய்க்கும் பிரஷால் பறட்டுப் பறட்டென்று தேய்த்தால் தோல் இன்னும் உரியும். தினமும் இரண்டு மூன்று முறை கிருமிநாசினி சோப்புப் போட்டாலும் தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த தோல் திறந்த கதவு.

குளித்தபின் துடைப்பது பாதி வைத்தியம். விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள். சேற்றுப்புண் இருந்தால் முதலில் காலுறை, பிறகு உள்ளாடை என்ற வரிசையில் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளாடை பாதத்தைத் தாண்டி மேலே வரும்போது பூஞ்சையையும் தொடையிடுக்குக்கு ஏற்றிவிடும். துண்டு, ரேசர், சோப்புக்கட்டி மூன்றும் யாரோடும் பகிரக் கூடாதவை.

ஒரே உடையை இரண்டு முறை போடலாமா?

கூடாது. காய்ந்துவிட்டது என்பது வேறு, சுத்தமாகிவிட்டது என்பது வேறு. ராஷ்கார்ட் (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை), கி (ஜூடோ, ஜியு-ஜிட்சு சீருடை), உள்ளாடை எல்லாம் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துவைக்க வேண்டும். நன்றாகக் காய வேண்டும், ஈரத்தோடு பைக்குள் போகக் கூடாது. பெல்ட்டைத் துவைத்தால் உழைப்பின் அடையாளம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எத்தனை பேர் வியர்வை அதில் ஊறியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்துவிட்டுத் துவைத்துவிடுங்கள். முழங்கால் பட்டையும் தலைக்கவசமும் எல்லாரும் மறக்கும் இரண்டு. பட்டையைத் துவைக்கலாம், கவசத்தைக் கிருமிநாசினியால் துடைக்கலாம். பையையே வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடையுங்கள்.

மேட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

இரண்டு கட்டமாக. முதலில் தூசி, முடி, வியர்வைப் படலம் எல்லாம் போகும்படி சோப்புத் தண்ணீரில் துடைப்பது. அழுக்கின் மேல் கிருமிநாசினியை ஊற்றினால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அப்புறம் கிருமிநாசினி. கடைசியாக, யாரும் செய்யாத ஒன்று, காத்திருப்பது. புட்டியில் "இத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும்" என்று போட்டிருக்கும், பலவற்றில் 10 நிமிடம். தெளித்த கையோடு துடைத்து எடுத்தால் வாசனை மட்டும்தான் மிச்சம்.

குவாட்டர்னரி அம்மோனியம் வகை கிருமிநாசினிகள் மேட்டின் மேல்உறையைக் கெடுக்காமல் வேலை செய்யும். பூஞ்சையையும் கொல்லும் என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளீச்தான் கையில் இருக்கிறது என்றால், 5 சதவீத ப்ளீச்சை 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கணக்கில் அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள், நேற்றுக் கலந்தது வீரியம் போயிருக்கும். அமோனியா, ஆசிட் எதோடும் ப்ளீச்சைக் கலக்கக் கூடாது, விஷப்புகை வரும்.

மாப்பையும் கழுவிக் காயப்போடுங்கள். கழிவறை துடைத்த மாப் மேட்டுக்கு வரக் கூடாது. அதேபோல, வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்விட்டு அப்படியே மேட்டில் ஏறுபவரைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்துங்கள். மேட் ஓரத்தில் நாலு ஜோடிச் செருப்பு பொதுவாகக் கிடந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். உறை கிழிந்த இடங்களை ஒட்டிவிடுங்கள், கிழிசலுக்குள் எந்த மருந்தும் போகாது.

உடம்பு முடியை மழித்துக்கொள்வது நல்லதா?

தொற்றைப் பொறுத்தவரை கெடுதல். ஒவ்வொரு மழிப்பும் நூறு நுண்கீறல். மழித்தே ஆக வேண்டும் என்றால் பயிற்சிக்கு முன்னால் வேண்டாம், முடித்துக் குளித்த பிறகு செய்யுங்கள். நகம் மட்டும் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ஜூடோ விதிகளிலேயே அது உண்டு.

என்னோடு புரள வந்தவர் தோலில் ஏதோ பார்த்தேன். சொல்லவும் கூச்சம், புரளவும் பயம்.

ஓரமாகக் கூப்பிட்டு, "இந்த இடத்துல ஏதோ இருக்கு, கவனிச்சீங்களா? எனக்கும் வந்திருக்கு, அதான் கேட்டேன்" என்றால் போதும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. முதுகிலும் பிடரியிலும் வருவதை அவரால் பார்த்திருக்கவே முடியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். அவர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று தோன்றினால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று யாரோடும் புரள மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை.

நான் பயிற்சியாளர். தினமும் எல்லாரையும் எப்படிச் சோதிப்பது?

வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில், வார்ம்-அப்புக்கு முன், ஆளுக்கு அரை நிமிடம். முகம், காதுக்குப் பின்னால், கழுத்து, கைகள், முழங்கால், பாதம். முதுகையும் தலையையும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லலாம். சிறுவர்கள், சிறுமிகள் என்றால் மூடிய இடங்களைப் பெற்றோரே வீட்டில் பார்க்கட்டும்.

ஆனால் சோதனையைவிட முக்கியம், சொன்னவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பது. "சார், கையில ஒண்ணு வந்திருக்கு" என்று ஒரு பையன் முதல்முறை வந்து சொல்லும்போது எல்லார் காதும் அங்கேதான் இருக்கும். முகம் சுளித்தால் அடுத்தவன் மறைப்பான். "சொன்னது நல்லது, டாக்டர்கிட்ட காட்டிட்டு வா, உன் இடம் இங்கேயே இருக்கும்" என்றால் அடுத்த வாரம் இன்னும் இருவர் தாங்களாக வருவார்கள். வராமல் விட்ட நாட்களுக்குக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது, அணியிலிருந்து தூக்காமல் இருப்பது எல்லாம் கிருமிநாசினி அளவுக்கே வேலை செய்கின்றன.

ஹெர்பீஸ் என்று உறுதியானால், முந்தின மூன்று நாளில் அவரோடு புரண்டவர்கள் யார் யார் என்று எழுதிவைத்து, அடுத்த 8 நாளுக்குத் தினமும் அவர்கள் தோலைப் பாருங்கள். அதுவரை அவர்களை மற்றவர்களோடு கலக்கவிடாமல் இருப்பது நல்லது.

வீட்டில் குழந்தைகளும் பூனையும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வருமா?

படர்தாமரை வரும். துண்டையும் படுக்கை விரிப்பையும் தனியாக வைத்து வெந்நீரில் துவையுங்கள், குளிக்காமல் குழந்தையைத் தூக்காதீர்கள். பூனையிடமிருந்தும் உங்களுக்கு வரலாம், அது வேறு வகைப் பூஞ்சை. மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் பூனையையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சொறிசிரங்கு என்றால் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து கால்வரை பூச வேண்டும், ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடியும். ஒருவர் விட்டுப்போனாலும் சுற்றிச் சுற்றி வரும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டுப் பூசுங்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, இப்போது வட்டம் வந்துவிட்டது. என்ன செய்ய?

இரண்டு வாரம் தாராளம், இன்றைக்கே மருத்துவரைப் பார்த்தால். கிரீமை இன்றே தொடங்குங்கள், தினமும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். எடை பார்க்கும்போது மருத்துவர் தோலையும் பார்ப்பது மல்யுத்தப் போட்டிகளில் வழக்கம். சந்தேகமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன நோய், என்ன மருந்து, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, இப்போது தொற்றும் நிலையில் இல்லை என்ற நான்கும் அதில் இருக்கட்டும். நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம், அங்கே கணக்குப் பார்ப்பது நாளில் இல்லை, மணியில்.